மூளைக்குள் சிப் வைத்துக்கொண்டால் மனிதன் மனிதனாக இருப்பானா?

கேள்வி இதுதான்: மூளைச் சிப், மரபணுத் திருத்தம், கவனத்தைக் கூர்மையாக்கும் மாத்திரை என்று மனிதன் தன்னைத்தானே மேம்படுத்திக்கொண்டே போனால், எந்தக் கட்டத்தில் அவன் மனிதன் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறான்?

அப்படி ஒரு கட்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்காகக் கவலைப்பட எதுவுமே இல்லை என்று சொல்ல வரவில்லை, நிறைய இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலானோர் தேடும் இடத்தில் இல்லை. உடம்புக்குள் எவ்வளவு இயந்திரம் போனது என்று அளந்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. உள்ளே போன பொருள் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளவும் எடுக்கவும் முடிவு செய்வது யார், வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு மிஞ்சுகிறது, இவைதான் என் கவலை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் 'பாதி மனிதன் பாதி இயந்திரம்' என்ற பயத்தை எடுத்துக்கொள்வோம். அது ஏற்கெனவே நடந்துவிட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1958-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முறையாக உடலுக்குள் முழுவதுமாகப் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரை வைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரத்திலேயே செத்துப்போனது. அடுத்தது, அதற்கடுத்தது என்று வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரும் கருவியை வடிவமைத்த பொறியாளரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் அவருடைய இதயத்துடிப்பை ஒரு மின்சுற்று நடத்தியது. அவரை மனிதன் இல்லை என்று யாராவது சொன்னார்களா?

இதயத்தை விடுங்கள், அது வெறும் பம்பு, மூளை வேறு என்பீர்கள். சரி, காது கேளாதவர்களுக்கு உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்டைப் பாருங்கள். ஒரு ஆரோக்கியமான உட்செவியில் ஒலியை நரம்புத் தூண்டலாக மாற்றும் உள் மயிரணுக்கள் சுமார் 3,500 இருக்கும். அவை செய்த வேலையை இந்தக் கருவியில் இருபத்திரண்டு மின்முனைகளை வைத்துச் செய்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் பேச்சே புரியக் கூடாது. பெரியவர்களுக்குப் பொருத்தினால் முதலில் எல்லார் குரலும் ஏதோ ரோபோ பேசுவதுபோலத்தான் கேட்கும், ஆனால் சில மாதங்களில் மூளை அந்தக் கரகரப்பைப் பேச்சாகக் கேட்கப் பழகிக்கொள்கிறது. இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இது பொருத்தப்பட்டிருக்கிறது. கருவிக்கு ஏற்றபடி மூளை தன்னையே மாற்றிக்கொண்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. புதிதாக வந்ததை உள்வாங்கித் தன்னுடையதாக்கிக்கொள்வது மூளைக்குப் பிறவிக்குணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கருவி வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் காதுகேளாதோர் சமூகத்திலேயே இருந்தார்கள். "எங்களுக்கு முழுமையான ஒரு சைகை மொழி இருக்கிறது, வாழ்க்கை முறை இருக்கிறது, எங்களைச் சரிசெய்ய வேண்டிய கோளாறாக ஏன் பார்க்கிறீர்கள்?" என்பது அவர்கள் வாதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. யார் குறை, யார் இயல்பு என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

இங்கே வழக்கமாக ஒரு கோடு போடுவார்கள்: நோயைக் குணப்படுத்தினால் சரி, இயல்புக்கு மேலே ஏற்றினால் தவறு. கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் நிற்காது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு நல்ல உதாரணம். அந்த ஹார்மோன் சுரக்காத குழந்தைகளுக்காக வந்த மருந்து அது. 2003-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஹார்மோன் குறைபாடு எதுவும் இல்லாத, காரணம் தெரியாமல் மிகக் குள்ளமாக இருக்கும் குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. வரம்பு, உயரத்தில் கடைசி 1.2 சதவீதம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: எல்லாக் குழந்தைகளும் நாளைக்கே பத்து சென்டிமீட்டர் வளர்ந்தாலும் கடைசி 1.2 சதவீதம் என்று சிலர் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். அப்படியானால் இது நோய்க்கு மருந்தா, வரிசையில் இடம் மாற்றும் ஏற்பாடா? தடுப்பூசியும் இதே ரகம்தான். நோயில்லாத உடம்பில், இயற்கை தராத ஓர் எதிர்ப்பாற்றலை உண்டாக்குகிறோம். கறாராகப் பார்த்தால் அது மேம்பாடு, சிகிச்சை அல்ல. 1796-இல் ஜென்னர் தொடங்கியதை இன்று யாரும் மனிதத்தன்மைக்கு ஆபத்து என்று சொல்வதில்லை (சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தனிக் கதை).

இனி, மேம்பாடு என்று விற்கப்படுவதில் உண்மையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் பயத்தில் பாதி விளம்பரத்திலிருந்து வருகிறது. 'ஸ்மார்ட் டிரக்' என்று மாணவர்களும் அலுவலகத்துக்காரர்களும் விழுங்கும் மாத்திரைகளை 2023-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான நாற்பது பேரிடம் சோதித்தார்கள். மெதில்ஃபெனிடேட், மோடஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன், கூடவே மருந்தே இல்லாத போலி மாத்திரை. கொடுத்த வேலை, குறிப்பிட்ட எடைக்குள் அதிக மதிப்புள்ள பொருட்களைப் பொறுக்கிப் பையை நிரப்பும் கணக்கு. மருந்து எடுத்தவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், அதிக முறை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், ஆனால் அந்த உழைப்பின் தரம் குறைந்தது. போலி மாத்திரையில் சராசரிக்கு மேலே இருந்தவர்கள் மருந்தில் சராசரிக்குக் கீழே இறங்கும் போக்கும் தெரிந்தது. உற்சாகம் கூடியது, புத்தி கூடவில்லை. கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு இதே மருந்துகள் பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை, நான் சொல்வது ஆரோக்கியமானவர்கள் குறுக்குவழியாக எடுப்பதைப் பற்றி.

மூளைச் சிப்பும் அப்படித்தான். நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்தியது, தோளுக்குக் கீழே அசைவில்லாத ஒருவருக்கு. 64 மெல்லிய இழைகள், 1,024 மின்முனைகள். சில வாரங்களிலேயே பல இழைகள் மூளைத் திசுவிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டன, மென்பொருளை மாற்றித்தான் இழந்த வேகத்தை மீட்டார்கள். ஆனாலும் நினைத்த மாத்திரத்தில் கணினியின் கர்சரை நகர்த்தவும் செஸ் ஆடவும் அவரால் முடிந்தது. 2023-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ குழு, பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு பெண் பேச நினைப்பதை நிமிடத்துக்கு 78 வார்த்தை என்ற வேகத்தில் எழுத்தாக்கிக் காட்டியது. சாதாரணப் பேச்சின் வேகம் சுமார் 160 வார்த்தை. ஆண்டுக்கணக்கில் பேசாதவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! நன்றாகப் பேசும் உங்களுக்கும் எனக்கும்? ஒன்றுமில்லை, பாதி வேகம்.

வருங்காலத்தில் வேகம் கூடாதா என்று கேட்கலாம். கூடும். ஆனால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஜெங், மைஸ்டர் இருவரும் தட்டச்சு, பேச்சு, வீடியோ கேம், ரூபிக் கனசதுரம் என்று பலவற்றை எடுத்துக் கணக்கிட்டதில், மனிதச் செயல் எதுவானாலும் நொடிக்குச் சுமார் பத்து பிட் (தகவலை அளக்கும் மிகச் சிறிய அலகு) வேகத்தில்தான் போகிறது என்று வந்தது. புலன்கள் வழியாக உள்ளே கொட்டுவதோ நொடிக்கு நூறு கோடி பிட் அளவில். அதாவது குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நாம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே யோசிக்கிறோம், அதுவும் மெதுவாக. ஒரு மொழியைச் சிப்பில் இறக்கிக்கொண்டு மறுநாள் பேசலாம் என்பவர்கள் இந்த இடத்தை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். மூளையை முழுதாகக் கணினியில் ஏற்றி சாகாவரம் பெறுவது பற்றியும் கேட்பார்கள். அதைப்பற்றி இன்று சொல்ல உருப்படியாக ஒன்றும் இல்லை.

அப்படியானால் உண்மையான சிக்கல் எங்கே? எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் இல்லை என்று நான் நினைக்கும் மூன்றைச் சொல்கிறேன்.

2004-இல் நெதர்லாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு நோயாளியின் விவரம். 62 வயது, கடுமையான பார்கின்சன் நோய். மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்துத் தூண்டும் சிகிச்சை கொடுத்தார்கள். கருவி ஓடினால் அவரால் நடமாட முடிந்தது, ஆனால் கட்டுக்கடங்காத உன்மத்த நிலைக்குப் போனார், நிதானம் போய்விட்டது, சிக்கலில் மாட்டிக்கொண்டார். கருவியை அணைத்தால் மனம் தெளிவாக இருந்தது, உடம்போ படுக்கையோடு படுக்கை. மருந்துகளால் இரண்டையும் சமன்படுத்த முடியவில்லை. யாரிடம் கேட்பது? மருத்துவர்கள் கருவியை அணைத்துவிட்டு, தெளிவாக இருந்த அவரிடம் கேட்டார்கள். கருவியை ஓடவிட்டு, மனநல மருத்துவமனையில் இருப்பதையே அவர் தேர்ந்தெடுத்தார். தெளிவாக இருந்த மனிதர், தெளிவில்லாத தன்னைத் தேர்ந்தெடுத்தார். இந்த முடிவு சரியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: இதில் எது மனித முடிவு, எது இயந்திர முடிவு என்ற குழப்பம் கொஞ்சமும் இல்லை. முடிவு அவருடையது. முடிவெடுக்கும் தகுதி ஒரு சுவிட்சைப் பொறுத்து வந்து போனதுதான் புதிது.

இரண்டாவது, மெல்போர்ன். நியூரோவிஸ்டா என்ற நிறுவனம் வலிப்பு நோயாளிகள் பதினைந்து பேருக்கு, வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே விளக்கால் எச்சரிக்கும் கருவியை மூளையில் பொருத்திச் சோதித்தது. சின்ன வயதிலிருந்தே வலிப்போடு வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு அது வாழ்க்கையையே மாற்றியது. எச்சரிக்கை வந்ததும் மருந்து எடுத்துக்கொள்வார், வலிப்பு கட்டுக்குள் இருந்தது, வெளியே போகத் துணிச்சல் வந்தது. கருவியும் தானும் ஒன்றாகிவிட்டதாகவே அவர் சொன்னார். அப்புறம் 2013-இல் நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. கருவியை எடுத்துவிடச் சொன்னார்கள். அவரும் கணவரும் வீட்டை அடமானம் வைத்தாவது அதை விலைக்கு வாங்கிக்கொள்ளப் பார்த்தார்கள், நடக்கவில்லை. எடுத்த பிறகு தன்னையே இழந்துவிட்டதாக உணர்ந்தார். அவரது அனுபவத்தை ஆராய்ந்த அறிஞர்கள் 2023-இல் இதை மனித உரிமைக் கேள்வியாகவே எழுப்பினார்கள். சட்டப்படி பார்த்தால் அது ஒரு சோதனைக் கருவி, ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். அவருக்கோ அது தன்னில் ஒரு பகுதி.

மூன்றாவது இதற்கு நேர்மாறு: கருவி உள்ளேயே இருக்கிறது, நிறுவனம்தான் இல்லை. செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவி, அறுபது மின்முனைகள், கண்ணாடியில் கேமரா. பரம்பரை விழித்திரை நோயால் பார்வை இழந்தவர்களுக்குச் சாம்பல் நிறப் புள்ளிகளாக ஏதோ ஒரு பார்வை கிடைத்தது, கதவு எங்கே, ஆள் எங்கே என்று தெரியும் அளவுக்கு. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் இந்தக் கருவியைக் கைவிட்டது, 2020-இல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டுத் திவாலின் விளிம்புக்குப் போனது. உதிரிபாகம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. மூளையில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்த ஒருவருக்கு, கண்ணுக்குள் இருக்கும் கருவியோடு அதை எடுக்கலாமா என்று சொல்லக்கூட நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை. செல்போன் கம்பெனி மூடினால் வேறு போன் வாங்கிக்கொள்ளலாம். கண்ணுக்கு என்ன செய்வது?

இந்த மூன்றிலும் மனிதத்தன்மை குறைந்தவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நோயாளிகள் மூவரும் முழு மனிதர்கள், ஆசையும் பயமும் பிடிவாதமும் உள்ளவர்கள். அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடுகள்தான் அவர்களை மனிதர்களாக நடத்தத் தயாராக இல்லை.

மரபணு விஷயம் கொஞ்சம் வேறு, ஏனென்றால் அங்கே முடிவெடுப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர். நோயாளியின் சொந்த உடலணுக்களைத் திருத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அரிவாள் இரத்தணு நோய்க்கான காஸ்கெவி என்ற கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சை 2023 நவம்பரில் பிரிட்டனில் அனுமதி பெற்றது, அடுத்த மாதம் அமெரிக்காவிலும். விலைதான் தலையைச் சுற்ற வைக்கிறது: அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். ஆனால் கருவைத் திருத்தினால் அந்த மாற்றம் பரம்பரை பரம்பரையாகப் போகும். 2018-இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், எச்.ஐ.வி. தொற்றாமல் இருப்பதற்காக என்று சொல்லி, இரட்டைப் பெண் குழந்தைகளின் சி.சி.ஆர்.5 மரபணுவைக் கரு நிலையிலேயே வெட்டினார். இயற்கையில் சிலருக்கு இருக்கும் பாதுகாப்பான மாற்றம் அப்படியே கிடைக்கவில்லை, புதிதாக ஏதோ கிடைத்தது. எச்.ஐ.வி. தொற்றைத் தவிர்க்க எளிய வழிகள் ஏற்கெனவே இருக்கும்போது இதற்குத் தேவையே இல்லை. அவருக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. குழந்தைகளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

'அறிவாளிக் குழந்தையை ஆர்டர் செய்யலாம்' என்ற பேச்சைப் பொறுத்தவரை, உயரத்தைப் பற்றிய 2022 ஆய்வு ஒன்றே போதும். 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலில் உயரத்தோடு தொடர்புள்ள 12,111 இடங்களைக் கண்டுபிடித்தார்கள், எல்லாவற்றையும் சேர்த்தும் ஐரோப்பிய வம்சாவளியினரிடையே காணும் உயர வேறுபாட்டில் சுமார் 40 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. டேப்பை வைத்து அளந்துவிடக்கூடிய உயரத்துக்கே இந்தக் கதி என்றால், என்ன என்று ஒழுங்காக வரையறுக்கக்கூட முடியாத அறிவுக்கு? மேலும் ஒரே மரபணு பல வேலை பார்க்கும். அரிவாள் இரத்தணு மரபணு இரண்டு பிரதி இருந்தால் நோய், ஒன்று மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. எதை நீக்குகிறோம் என்று தெரியாமலே நீக்குவோம்.

இந்த இடத்தில் வரலாறு சும்மா விடாது. யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று தேர்ந்தெடுத்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கருத்துக்கு 1883-இல் பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்துத் தொடங்கியது, அன்றைய படித்தவர்களுக்கு முற்போக்கான அறிவியலாகவே தெரிந்தது. அமெரிக்காவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள், 1927-இல் உச்ச நீதிமன்றமே அதற்கு ஒப்புதல் கொடுத்தது. மக்கள் நல அரசு என்று பெயரெடுத்த ஸ்வீடனிலும் 1970-களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நடந்தது, அதில் பலரிடம் வாங்கிய சம்மதம் பெயரளவுக்குத்தான். 1957-இல் டிரான்ஸ்ஹியூமனிசம் (மனிதன் தன் எல்லைகளைத் தாண்டி உயர வேண்டும் என்ற கருத்து) என்ற தலைப்பில் எழுதி அந்தச் சொல்லைப் பரவலாக்கிய பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி, இரண்டு வருடம் கழித்துப் பிரிட்டிஷ் யூஜெனிக்ஸ் சங்கத்தின் தலைவரானார். மேம்பாட்டை விரும்புகிறவர்கள் எல்லாரும் அந்த வழிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'மேலான மனிதன்' என்று யாராவது சொன்னால், மேல் என்பதை யார் அளந்தது என்று உடனே கேட்டுவிட வேண்டும்.

"அரசு கட்டாயப்படுத்தாது, விருப்பமுள்ளவர் செய்துகொள்ளட்டுமே" என்பது இன்றைய பதில். விருப்பம் எப்படிக் கட்டாயமாகிறது என்பதற்கு அமெரிக்க விமானப்படை ஓர் உதாரணம். நீண்ட நேரம் பறக்கும் விமானிகளுக்குத் தூக்கம் வராமல் இருக்க ஆம்ஃபெட்டமைன் கொடுத்தார்கள். எடுப்பது அவரவர் விருப்பம் என்று படிவத்திலேயே இருந்தது. எடுக்க மறுத்தால் அந்தப் பணிக்குத் தகுதியற்றவர் என்று தளபதி முடிவு செய்யலாம் என்பதும் அதே படிவத்தில் இருந்தது! 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் ஓர் அமெரிக்கப் போர்விமானம் தவறுதலாகக் குண்டு போட்டு நான்கு கனடா வீரர்கள் இறந்தபோது, விமானிகளின் வழக்கறிஞர்கள் இந்த மாத்திரைகளைத்தான் காரணங்களில் ஒன்றாகக் காட்டினார்கள். போர்க்களம் தேவையில்லை, போட்டி இருக்கும் எந்த அலுவலகத்திலும் இதே படிவத்தை யாரும் எழுதாமலே நடைமுறைப்படுத்திவிட முடியும். பக்கத்து நாற்காலிக்காரர் பதினான்கு மணி நேரம் வேலை பார்க்கிறார் என்றால் உங்கள் விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்பு?

சட்டம் இதில் இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது. மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து எடுக்கும் தகவலையும் பாதுகாக்க 2021-இல் அரசியலமைப்பையே திருத்திய முதல் நாடு சிலி. 2023-இல் அங்கே உச்ச நீதிமன்றம், தலையில் மாட்டும் மூளையலைக் கருவி விற்கும் இமோட்டிவ் என்ற நிறுவனத்திடம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நல்ல தொடக்கம், ஆனால் அது தரவைப் பற்றியது. உள்ளே வைத்த கருவிக்கு நிறுவனம் மூடிய பின் யார் பொறுப்பு, சோதனை முடிந்த பிறகு நோயாளி அதை வைத்துக்கொள்ளலாமா, உதிரிபாகத்துக்கும் வரைபடங்களுக்கும் யாரிடம் போவது, இவற்றுக்கு அதில் பதில் இல்லை. கருவி விற்க அனுமதி கேட்கும் நிறுவனத்திடம், பொருத்திக்கொண்டவரின் ஆயுள் வரைக்கும் பராமரிப்புக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொல்லலாம், மூடினால் தொழில்நுட்ப விவரங்களை வெளியிடச் சொல்லலாம். செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி ஒரு கருவி தேவைப்பட்டால் தயங்காமல் போகச் சொல்வேன், ஆனால் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கச் சொல்வேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர், வெறும் வேகத்துக்காக மண்டையைத் திறக்கலாமா என்று கேட்டால், இன்றைய நிலவரத்தில் வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் தொற்று, இரத்தக்கசிவு, நழுவும் இழைகள். மனிதத்தன்மை போய்விடும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.